கிட்னிக்கு எழுதிய மொய்

கஜா புயல் அடித்ததற்கு மறு வருஷம். பேராவூரணிப் பக்கம் அத்தை வீட்டுத் தோப்பில் தென்னை முக்கால்வாசி சாய்ந்து கிடந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசராக இருந்த அத்தை மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, இரண்டு கிட்னியும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை தன் கிட்னி ஒன்றைக் கொடுப்பதாக முடிவாகி, டெஸ்ட் எல்லாம் பொருந்திவந்த அன்று அவர் முதலில் கேட்டது ஒரு நீள நோட்டு. விசேஷ வீடுகளில் மொய் எழுதுவார்களே, அந்த நோட்டு. “கடனோ தர்மமோ, எதுவா இருந்தாலும் எழுதிரணும். எழுதாம வாங்குற காசு தொண்டையில நிக்கும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் மொய் என்பது பெரிய விஷயம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்துக்கென்றே பந்தல் போடுவார்கள். கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது. கறிச்சோறு, எழுதுவதற்கு நாலு மேசை, அவ்வளவுதான். முன்பு நீங்கள் வைத்ததை அவர் திருப்பி வைப்பார், மேலே கொஞ்சம் புது மொய்யும் சேர்ப்பார். வட்டி இல்லாத, வாய்விட்டுக் கேட்கவும் வேண்டாத கடன். வாங்குகிறவருக்கு இதில் தலைகுனிவு இல்லை, நாளைக்குத் திருப்பிச் செய்யப்போகிறவர்தானே. வைத்தியத்துக்குக் காசு திரட்டும்போது இந்த ஏற்பாடு அறுந்துவிடுகிறது. கேட்கிறவருக்குக் கை நீட்டுகிற கூச்சம். கொடுக்கிறவருக்கு ‘ஒரு தடவை கொடுத்தாச்சு’ என்ற நிம்மதி. இரண்டில் அந்த நிம்மதிதான் பிற்பாடு அதிகச் சங்கடம் கொடுக்கிறது என்பதை மச்சான் வீட்டில் இருந்து பார்த்தேன்.

காரணம், ஊரே ஆபரேஷன் தேதியைப் பார்த்துக் காசு திரட்டுகிறது. அந்தத் தேதி முடிந்ததும் வாட்ஸாப் குழு அமைதியாகிவிடும். நோயாளி வீட்டில் செலவு அப்போதுதான் வேறு வடிவத்தில் தொடங்கியிருக்கும்.

எஸ்டிமேட்டில் இல்லாதவை

உடம்பு இன்னொருவர் உறுப்பை அந்நியமாகத்தான் பார்க்கும். அதைத் தாக்காமல் இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மருந்துகள் தேவை. அதுவும் அந்த உறுப்பு வேலை செய்கிற காலம் முழுக்க. டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ப்ரெட்னிசோலோன் என்ற மூன்றையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம். டாக்ரோலிமஸைப் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மச்சான் வீட்டில் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் அலாரம் இன்றும் அடிக்கிறது. ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு குறைந்தால் உடம்பு கிட்னியை நிராகரிக்கத் தொடங்கும், கூடினால் அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும். அதனால் ‘லெவல் டெஸ்ட்’ என்று ஒன்று அடிக்கடி எடுப்பார்கள். மாத்திரை விலை ஒரு பக்கம், இந்த டெஸ்ட் விலை ஒரு பக்கம்.

மச்சானுக்கு அப்போது அரசுக் காப்பீட்டு அட்டை கிடைக்கவில்லை. சம்பளச் சீட்டில் இருந்த தொகை வரம்பைத் தாண்டியிருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழரை லட்சம் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். ஊருக்கு நாங்கள் சொன்னதும் அந்தத் தொகையைத்தான். ஆபரேஷனுக்கு முந்தைய நாள், உடம்பு உறுப்பை ஏற்றுக்கொள்வதற்கு ஓர் ஊசி போட வேண்டும், அது பேக்கேஜில் சேராது என்றார்கள். மாமா எதிர்க் கடையில் ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே அரைமணி நேரம் நின்றார். அந்த ஊசியின் செலவை முதல் நாளே சொல்லியிருந்தால் நாங்கள் முதல் நாளே சேர்த்துக் கேட்டிருப்போம். ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன். கேட்டால்தான் சொல்வார்கள், என்ன கேட்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது யாராவது என்னிடம் வந்தால் இப்படிக் கேட்கச் சொல்கிறேன். கொடுப்பவருக்கான பரிசோதனைகள் இந்தத் தொகைக்குள் அடக்கமா? திசுப் பொருத்தம் பார்க்கும் டெஸ்ட், கொடுப்பவரின் திசுவை வாங்குபவரின் ரத்தம் தாக்குமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் இரண்டும் அடக்கமா? அந்த ஆரம்ப ஊசி அடக்கமா? சொன்ன நாளைவிடக் கூடுதலாக வார்டில் இருக்க நேர்ந்தால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு? வீட்டுக்குப் போன பிறகு கிரியாட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) கூடி, கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி எடுக்க வேண்டி வந்தால்? கிருமித் தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்? எல்லா மாத்திரைக்கும் லெவல் டெஸ்டுக்கும் சேர்த்து மாதத்துக்கு எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு வந்த பதிலை 12ஆல் பெருக்கி எஸ்டிமேட்டோடு கூட்டுங்கள். ஊரிடம் சொல்ல வேண்டிய தொகை அதுதான். பெரிதாக இருக்கும், பயமாகவும் இருக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி போய் நிற்பதைவிட அதைச் சொல்லிவிடுவது நல்லது.

அரசாங்கத்தின் கதவுகள்

அடுத்தவரிடம் கேட்பதற்கு முன்னால் அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். கூச்சம் காரணமாகவோ அலைச்சலுக்குப் பயந்தோ பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் முதல் கதவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012இல் இப்போதைய பெயரோடு வந்தது, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. மச்சான் அலைந்த காலத்தில் வரம்பு 72,000 ரூபாய்தான். உறுப்பு மாற்று போன்ற உயர் சிகிச்சைகளுக்குத் தனி நிதி வைத்திருக்கிறார்கள். சில சிகிச்சைகளுக்கு 22 லட்சம் வரை அதிலிருந்து கிடைக்கிறது. அட்டைக்கு வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு கவுன்ட்டர் உண்டு. நோய் தெரிந்த வாரமே இதைச் செய்துவிடுங்கள். ஆபரேஷன் முடிந்து, பில்லும் கட்டிய பிறகு அட்டையோடு போனால் பலனில்லை.

அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம் என்பதைப் பலர் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் கிட்னி மாற்று பல ஆண்டுகளாக நடக்கிறது, ஸ்டான்லியில் கல்லீரல் மாற்று நடக்கிறது, மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் கிட்னி மாற்றுகிறார்கள். அங்கே முக்கியமான லாபம் பின்னால் வருவது: மாதாமாதம் சாப்பிட வேண்டிய மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது. இதுபோகத் தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மாற்றுக்குப் பிந்தைய மருந்துச் செலவுக்காக மாதம் 10,000 ரூபாய் வரை உதவ இடமிருக்கிறது.

பிரதமர் தேசிய நிவாரண நிதியிலிருந்தும் கிட்னி மாற்றுக்கு உதவுகிறார்கள். எஸ்டிமேட், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, போட்டோ எல்லாம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். தொகுதி எம்.பி.யின் கடிதத்தோடு அனுப்புகிறவர்கள் அதிகம். கேட்டது முழுதும் வராது, வருகிற பங்கும் மருத்துவமனைக்கே போகும். ரயிலில் கிட்னி நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் சலுகை உண்டு. ஸ்லீப்பரில் 75 சதவீதம். மருத்துவமனை எழுதித் தரும் படிவத்தை ஸ்டேஷன் கவுன்ட்டரில் கொடுத்தால் போதும். சின்னத் தொகைதான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை சென்னை போகிற வீட்டுக்கு அது பால் காசு.

கிட்னி கேட்பது வேறு, காசு கேட்பது வேறு

சிரமத்தில் இருக்கும் குடும்பம் இரண்டையும் ஒரே செய்தியில் கேட்டுவிடுவது உண்டு. ‘ஓ பாசிட்டிவ் கிட்னி தேவை, தக்க சன்மானம் வழங்கப்படும்’ என்று வாட்ஸாப்பில் நானே பார்த்திருக்கிறேன். பாவம், எழுதியவருக்கு அது குற்றம் என்று தெரியாது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, காசுக்கு உறுப்பு வாங்குவதும் விற்பதும் மட்டுமல்ல, அப்படி விளம்பரம் செய்வதும் குற்றம்தான். 2011 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு நம் ஊரும் ஒரு காரணம். வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் கிட்னி மாற்று தொடங்கியது. அடுத்த இருபது வருஷத்துக்குள் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. கடனில் இருந்த குடும்பங்கள் அங்கே கிட்னி விற்றுக் கடனை அடைத்தன, சில வருஷத்தில் மறுபடி கடனில் நின்றன. அதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளிகளிடம் புரோக்கர்கள் கிட்னி பேசி வாங்கிய விவகாரம் வெடித்தது.

எனவேதான் உறவுக்காரர் கொடுப்பதாக இருந்தாலும் அத்தனை கேள்வி. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், 2011 திருத்தத்தில் சேர்ந்த தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோர்தான் சட்டப்படி நெருங்கிய உறவு. அத்தை மச்சானுக்கு அம்மா என்பதால் தாளெல்லாம் சீக்கிரம் நகர்ந்தது. நான் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மாமன் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவர் பாசத்தால் கொடுக்கிறேன் என்று அங்கீகாரக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, வருமானம், உறவு, நோக்கம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பேட்டியை வீடியோவிலும் பதிவு செய்வார்கள். வீட்டில் ரத்த வகை பொருந்தவில்லை என்றால், அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்வதையும் சட்டம் அனுமதிக்கிறது. இங்கே டாக்டர்கள் அதை ‘ஸ்வாப்’ என்பார்கள்.

அதே சட்டத்தில் ஒரு நல்ல வரியும் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கொடுப்பவருக்கு உறுப்பின் விலையாக எதுவும் தரக்கூடாது. ஆனால் கொடுத்ததால் அவருக்கு நேரடியாக ஏற்பட்ட செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம், சட்டம் அதை விலையாகக் கணக்கிடாது. திரட்டும் பணத்தில் அவருக்கான பங்கை ஒளிக்காமல் எழுதிவைக்கலாம் என்று அர்த்தம். அத்தைக்கு அப்போது 56 வயது. கூலிக்குப் போகிறவர் இல்லை என்பதால் ‘அவங்களுக்கென்ன இழப்பு’ என்று பேச்சு வந்தது. மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க, பால் கறக்க ஆள் போட்ட செலவை நோட்டில் தனிப் பக்கமாக நான்தான் எழுதினேன். இந்த நாட்டில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வார்டு வராந்தாவில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும், இதைத் தெரிந்துகொள்ளப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை.

வீட்டில் யாரும் கொடுக்க முடியாதவர்களுக்கு மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதான் வழி. தமிழ்நாட்டில் இதற்கான அரசுத் திட்டம் 2008இல் தொடங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான அவர் பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் மக்கள் இதைப் பற்றி வீட்டில் பேச ஆரம்பித்தார்கள். இப்போது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பட்டியலை வைத்திருக்கிறது. உறுப்புக்கு விலை கிடையாது, பட்டியலில் முன்னால் போகக் காசும் கிடையாது. முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் புரோக்கர். பட்டியலில் இருப்பவர்களின் பணத் தேவை இன்னொரு மாதிரி. அழைப்பு நடுராத்திரியிலும் வரும். சில மணி நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டும். கார் சொல்லிவைத்திருக்க வேண்டும், முன்பணம் கையில் இருக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகு திரட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்தக் கிட்னி அடுத்த பெயருக்குப் போய்விடும். போய்ச் சேர்ந்த பிறகு கிராஸ் மேட்ச் பொருந்தாமல் திரும்பி வருவதும் உண்டு, கார் வாடகை மட்டும் மிச்சம்.

கேட்கும் விதம்

சரி, ஊரிடம் கேட்பதற்கு வருவோம். எங்கள் முதல் செய்தியை நான்தான் எழுதினேன், மோசமாக எழுதினேன். மூக்கில் குழாயோடு மச்சான் படுத்திருக்கும் படம், ‘அவசரம்’ என்று மூன்று தடவை, கடைசியில் ஜிபே நம்பர். மச்சான் கண் விழித்து அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அவனைக் கேட்காமல் அந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாது. இரண்டாவது செய்தியில் அவன் சட்டை இஸ்திரி போட்டு மெஷின் ஓரம் நிற்கும் பழைய படம் இருந்தது. மொத்தம் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு, நகை அடகில் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று நாலே வரி. அதற்குத்தான் காசு வந்தது. கையில் இருப்பதைச் சொல்லிக் கேட்பவரை ஜனங்கள் நம்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

செய்தியில் தேதி போடுங்கள். ‘இந்தத் தேதிக்குப் பிறகு யாருக்கும் அனுப்ப வேண்டாம்’ என்றும் எழுதுங்கள். ஃபார்வர்டுக்குச் சாவு கிடையாது. எங்கள் முதல் செய்தி மூன்று வருஷம் கழித்து மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவர் வழியாக எனக்கே திரும்பி வந்தது. இதே செய்தியில் நம்பரை மட்டும் மாற்றித் தன் கணக்குக்கு வரவழைத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். தொகை சேர்ந்ததும் ‘போதும், நன்றி’ என்று ஒரு செய்தி கட்டாயம் போக வேண்டும். அந்த ஒரு வரியை அனுப்பியவர் அடுத்த தடவை கேட்டாலும் நம்புவார்கள்.

கணக்கு ஒருவர் கையில், அறிவிப்பு இன்னொருவர் கையில் இருப்பது நல்லது. காசையும் வாயையும் ஒருவரே வைத்திருந்தால் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பேச்சு வரும். எங்கள் வீட்டில் கணக்கு அத்தையின் நோட்டில், அறிவிப்பு என் போனில்.

அப்புறம் வரி. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் அன்பளிப்பாக வந்தால், முழுத் தொகையையும் வருமான வரிச் சட்டம் உங்கள் வருமானமாகப் பார்க்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வரும் மொய்க்கு விலக்கு உண்டு, கொரோனா சிகிச்சைக்கு வந்த உதவிக்கும் விலக்குக் கொடுத்தார்கள். கிட்னிக்கு வந்த உதவிக்கு அப்படி எதுவும் இல்லை. உறவினர் என்பதற்கு அந்தச் சட்டத்திலும் ஒரு பட்டியல் இருக்கிறது, மாமன் மகன் அதிலும் இல்லை. ஆக, கிட்னி கொடுக்கப் போனாலும் சரி, காசு கொடுக்கப் போனாலும் சரி, சட்டத்தின் கண்ணில் நான் மச்சானுக்கு யாரோ. இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. கொடுப்பவர்கள் நேரே மருத்துவமனைக் கணக்கில், நோயாளி எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டலாம். பதிவுபெற்ற அறக்கட்டளை மூலம் வரும் உதவிக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. மிலாப், கெட்டோ போன்ற திரட்டும் தளங்களிலும் பணம் மருத்துவமனைக்கே போகும்படி வைக்க முடியும். பெரிய தொகை என்றால் தொடங்குவதற்கு முன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாத மருந்துக்குத் திரட்டுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஆபரேஷனுக்கு 5,000 கொடுப்பவர் மாத்திரைக்கு 500 கொடுக்க மாட்டார், அதில் ஒரு பரபரப்பும் இல்லையே. மச்சானோடு ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சீட்டுக் கட்டிப் பழகியவர்கள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு வருஷத்தில் ஒரு மாதம். மார்ச் என்றால் இன்னார், ஏப்ரல் என்றால் இன்னார். அந்த மாத மருந்துக் கடை பில்லை அவர் கட்டிவிடுவார், மச்சான் கையில் காசே வராது. இரண்டு வருஷம் ஓடியது. மூன்றாம் வருஷம் மச்சானே வேண்டாம் என்றான், கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குத் திரும்பியிருந்தான்.

காசில்லாத மொய்

மாற்றுக்குப் பிறகு முதல் சில மாதம் வாரத்துக்கு ஒருமுறை, இருமுறை என்று பரிசோதனைக்குப் போக வேண்டும். வெளியூர்க்காரர்கள் மருத்துவமனை பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குகிறார்கள். சமையலறை உள்ள அறையாக இருக்க வேண்டும், ஹோட்டல் சாப்பாடு ஆகாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைத்த உடம்பில் சாதாரணச் சளியே படுக்கவைத்துவிடும். தண்ணீர் கொதிக்கவைத்தது, காய் நன்றாக வெந்தது. பம்ப்ளிமாஸ் பழம் தொடக்கூடாது, அது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். கஷாயம், நாட்டு மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

நம் ஆட்களுக்கோ உடம்புக்கு முடியாதவரை நேரில் போய்ப் பார்க்காவிட்டால் மரியாதை இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, கூடவே இருமும் ஒரு குழந்தை. முதல் வாரத்தில் பஸ் பிடித்து வந்த பதினோரு பேரை நான் வாசலிலேயே நிறுத்தினேன். இரண்டு பேர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர்களிடம் சொல்ல எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை. இப்போது என்றால், வராதீர்கள், பஸ் காசை அனுப்புங்கள், அல்லது ஊரில் அத்தை வீட்டு மாட்டைப் பாருங்கள் என்று சொல்வேன்.

வேலை இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் வரும். மருந்து தீர்வதற்கு ஐந்து நாள் முன்னால் வாங்கி வைப்பது. குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து எழுதுவது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது. மச்சான் மனைவி மூன்று மாதம் சென்னையில் இருந்தபோது அவர்கள் பையனைத் திருப்பூரில் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் வைத்துக்கொண்டார்கள். நோட்டில் அதற்கும் ஒரு வரி உண்டு: ‘பையன், 3 மாதம்.’ தொகைக் கட்டத்தில் கோடு.

அறை கொடுத்த வீட்டுக்கார அம்மா யாரென்றே எங்களுக்கு முன்பு தெரியாது. முதல் நாள் அத்தை தையல் வலியோடு அடுப்பங்கரையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலிருந்து கஞ்சியும் ஒரு துவையலும் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார். உப்பு குறைவாக, நன்றாக வேகவைத்து, மூடி போட்டு. காசு கொடுத்தால் வாங்கவில்லை. நாற்பத்தோரு நாள். நோட்டில் அத்தை அதையும் எழுதினார்: ‘சென்னை வீட்டுக்காரம்மா, கஞ்சி, 41.’

மாற்றிய கிட்னி என்றென்றைக்கும் ஓடாது. பத்து, பதினைந்து வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஓடுகிறது. மச்சானுக்கு இப்போது கிரியாட்டினின் 1.3இல் நிற்கிறது. நோட்டு அத்தை வீட்டு பீரோவில் இருக்கிறது. வரி வரியாகப் பேனாவால் டிக் விழுந்துகொண்டே வருகிறது. இன்னார் மகள் சடங்குக்கு 2,000, இன்னார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு 1,500. வாங்கியதோடு நூறோ இருநூறோ சேர்த்துத்தான் வைப்பார். டிக் போட வழி தெரியாமல் கோடு போட்டிருந்த வரிகள்தான் அவரை உறுத்திக்கொண்டிருந்தன.

கஜாவுக்குப் பிறகு நட்ட கன்றுகள் போன வருஷம் காய்க்கத் தொடங்கின. முதல் வெட்டில் இருபது காயை எண்ணி எடுத்துச் சாக்கில் கட்டி, சென்னை பஸ்ஸில் போட்டுவிட்டு, டிரைவரிடம் அந்த அம்மாவின் போன் நம்பரை இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, கஞ்சி, 41 என்ற வரிக்கு எதிரே 20 என்று எழுதினார். டிக் போடவில்லை.